பாய்மரப் படகின் வெள்ளைக் கயிறுகளுக்கு வீட்டிலேயே நிறம் ஏற்ற முடியுமா?

வாடைக்காற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இராயபுரத்தில் வசிக்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து, பதினாறு அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிச் சீர்செய்து வருகிறோம். பெரிய பாய் ஒன்று, முன்பாய் ஒன்று என்ற எளிய அமைப்புதான். பழைய கயிறுகள் வெயிலில் நைந்து கையில் தும்பு தும்பாக உதிர்ந்ததால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினோம். காசிமேட்டிலும் பாரிமுனையிலும் விசாரித்து, கிடைத்தவற்றுள் நல்லதாகப் பட்ட 8 மி.மீ. வெள்ளைப் பின்னல் கயிற்றை ஒரே சுருளாக வாங்கித் தேவைக்கேற்ப வெட்டிக்கொண்டோம்.

பெரிய பாயை ஏற்றும் கயிறு, முன்பாயை ஏற்றும் கயிறு, பாயின் அடியில் கிடையாக நிற்கும் பூம் கட்டையைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் வாங், பாயின் கீழ்விளிம்பை விறைப்பாக்கும் அவுட்ஹால் ஆகிய நான்கும் பாய்மரத்தின் அடியில் பக்கம் பக்கமாக வந்து முடிகின்றன. நான்கும் வெள்ளை, நான்கும் ஒரே பருமன். கரையில் நின்றால் அண்ணாந்து பார்த்து எது எங்கே போகிறது என்று நிதானமாகக் கண்டுகொள்ளலாம். ஆனால் பிற்பகலில் கடற்காற்று வலுத்து, முன்பாயை உடனே இறக்க வேண்டிய நிலை வந்துவிட்டால், படகுக்குப் புதிதாக வந்தவரிடம் 'இடமிருந்து இரண்டாவது கயிறு' என்று விளக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. 'நீலத்தை அவிழ்' என்றால் அவருக்கு உடனே புரியும்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கம் புடவைகளுக்கான சாயப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. அவற்றை வாங்கிக் கொதிநீரில் கயிற்றைப் போட்டெடுத்தால் நிறம் பிடிக்குமா? பிடித்தாலும் கயிற்றின் வலுவுக்குக் கேடு வருமா? இரண்டையும் அறிந்தவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

சாயக்கூடம் எழுதியது:

வணக்கம். நான் பல ஆண்டுகள் துணிச் சாய ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பழைய வண்ணாரப்பேட்டையில்தான் இருக்கிறேன். படகைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. இழைகளைப் பற்றித் தெரியும்.

உங்கள் கேள்விக்கு விடை சாயத்தில் இல்லை, இழையில் இருக்கிறது. கடையில் வெள்ளைக் கயிறு என்று கொடுப்பது நைலானாகவும் இருக்கலாம், பாலியெஸ்டராகவும் இருக்கலாம், பாலிபுரோப்பிலீனாகவும் இருக்கலாம். உறை ஒன்று, உள்ளீடு வேறொன்று என்று கலந்தும் வரும். ஒவ்வொன்றும் சாயத்தை ஏற்கும் முறை முற்றிலும் வேறானது. புடவைச் சாயப் பொட்டலங்கள் பெரும்பாலும் பருத்திக்கானவை. பருத்தி இழையில் நீரோடு உறவாடும் வேதிக் குழுக்கள் ஏராளம் என்பதால் அந்தச் சாயம் அங்கே தங்கும். அதையே பாலியெஸ்டரில் போட்டால் மேலே அழுக்குப்போல் ஒட்டிக்கொண்டு, முதல் மழையிலேயே கழன்று உங்கள் வெள்ளைப் பாயில் இறங்கிவிடும்.

ஆகவே முதலில் உங்கள் கயிறு எதனால் ஆனது என்று பாருங்கள். கயிற்றின் நுனியில் ஒரு விரற்கடை அளவு வெட்டி, உறையையும் உள்ளீட்டையும் தனித்தனியே பிரித்து, இழைகளைத் தும்பாக உதிர்த்துக்கொள்ளுங்கள். காற்றுக் குமிழிகள் ஒட்டியிருந்தால் முடிவு தவறாகிவிடும் என்பதால், சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிசைந்துவிடுங்கள். பிறகு ஒரு கண்ணாடிக் குவளையில் சாதாரண நீரை ஊற்றி அதில் போடுங்கள். மிதந்தால் அது பாலிபுரோப்பிலீனாகவோ பாலிஎத்திலீன் வகையாகவோ இருக்கும். மூழ்கினால் நைலானா பாலியெஸ்டரா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கல்லுப்பே போதும். இனிமேல் கரையாது என்ற நிலை வரும்வரை நீரில் உப்பைக் கரைத்தால் அந்நீரின் அடர்த்தி, சாதாரண நீரை 1 என்று வைத்தால், ஏறக்குறைய 1.2 ஆகிவிடும். நைலானின் அடர்த்தி 1.14 என்பதால் அது அந்த உப்புக் கரைசலில் மிதக்கும், 1.38 அடர்த்தி கொண்ட பாலியெஸ்டர் அதிலும் மூழ்கும்.

நெருப்பில் காட்டியும் பார்க்கலாம். பாலியெஸ்டர் கரும்புகை விட்டு உருகிக் கறுத்த மணியாக இறுகும். பாலிஎத்திலீன் வகைகள் மெழுகுவத்தி அணைந்த வாடை தரும். ஆயினும் பழக்கமில்லாத மூக்கைவிட உப்புத் தண்ணீரை நம்பலாம் என்பது என் கருத்து.

கப்பியும்கயிறும் எழுதியது:

அம்மா சொன்ன உப்புநீர்ச் சோதனை மிக அருமையானது. நான் வணிகக் கப்பலில் பணியாற்றியவன், தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். கயிறு என் வாழ்நாள் தொழில் என்பதால் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன்.

பாயை ஏற்றிப் பிடித்திருக்கும் கயிற்றை அடுப்பில் வேகவைப்பது என்ற எண்ணமே எனக்கு ஒப்புதல் இல்லை. பின்னல் கயிறு தொழிற்சாலையிலிருந்து வரும்போது உறையும் உள்ளீடும் ஒரே அளவில் சுமையைப் பகிரும்படி அமைக்கப்பட்டிருக்கும். சூடான நீரில் செயற்கை இழைகள் சுருங்கும். உறையும் உள்ளீடும் வெவ்வேறு பொருளானால் வெவ்வேறு அளவில் சுருங்கும். அதன்பின் எந்தப் பகுதி எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று. இப்போது பந்தயப் படகுகளில் பரவலாக இருக்கும் டைனீமா வகைக் கயிறுகளில், உள்ளே இருப்பது மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலிஎத்திலீன். எஃகுக்கு நிகராக இழுவையைத் தாங்கும் அந்த இழை வெப்பத்துக்கு மட்டும் அஞ்சும். ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸில் அது உருகிவிடும். 70 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வைத்திருப்பதே கூடாது என்பார்கள். வெளியே பாலியெஸ்டர் உறை இருப்பதைப் பார்த்து, இதுவும் பாலியெஸ்டர்தானே என்று கொதிநீரில் போட்டால் உள்ளே இருக்கும் கயிற்றின் உயிரே போய்விடும். ஆகவே உள்ளீட்டைப் பிரித்துச் சோதிக்காமல் எந்தக் கயிற்றையும் சூடுபடுத்தாதீர்கள்.

மார்க்கர் பேனாவால் கோடு போடலாமே என்று அடுத்து யாராவது எழுதக்கூடும். மலையேற்றக் கயிறுகளைப் பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பு சோதித்தபோது, சில மார்க்கர் மைகள் பட்ட இடத்தில் கயிற்றின் விழுவிசை தாங்கும் திறன் பாதிவரை குறைந்தது தெரியவந்தது. படகுக் கயிற்றில் மனிதன் விழுந்து தொங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் மையிலுள்ள கரைப்பான் எதுவென்று தெரியாதபோது சுமை தாங்கும் இடத்தில் அதைத் தடவ வேண்டாம்.

வாடைக்காற்று எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்றிரவே சோதித்துப் பார்த்தோம். 8 மி.மீ. கயிற்றின் உறை, உள்ளீடு இரண்டும் உப்புக் கரைசலில் மூழ்கின. நெருப்பில் கரும்புகையோடு கறுத்த மணியும் வந்தது. ஆகவே அது பாலியெஸ்டர்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். தனியாக வாங்கிய நங்கூரக் கயிறு உப்புக் கரைசலில் மிதந்தது, அது நைலான். பழைய படகோடு வந்த மெல்லிய கயிறு ஒன்று சாதாரண நீரிலேயே மிதக்கிறது.

இனி என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

சாயக்கூடம் எழுதியது:

நல்லது. இனித் தெளிவாகப் பேசலாம்.

நீரில் மிதந்த கயிற்றை மறந்துவிடுங்கள். பாலிபுரோப்பிலீனோ டைனீமா வகையோ, எதுவானாலும் அந்த இழையில் சாயம் பற்றிக்கொள்ள ஒரு பிடியும் இல்லை. கடையில் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகக் கிடைக்கும் பாலிபுரோப்பிலீன் கயிறுகள், இழை உருகிய நிலையில் இருக்கும்போதே நிறமியைக் கலந்து இழுக்கப்பட்டவை. டைனீமாக் கயிறுகளின் நிறமோ பெரும்பாலும் மேலே பூசிய யூரித்தேன் பூச்சின் நிறம். அதனால்தான் அது கையிலும் கப்பியிலும் தேய்ந்து போகிறது.

நைலான்தான் வீட்டுச் சாயத்துக்கு மிக இணக்கமானது. நைலான் மூலக்கூறின் நுனிகளில் அமினோ குழுக்கள் இருக்கின்றன. சற்றே புளித்த நீரில் அவை நேர்மின்னேற்றம் பெற்று, எதிர்மின்னேற்றம் கொண்ட அமிலச் சாயத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அதே சாயம்தான். பட்டுச் சாயம் என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும்.

பாலியெஸ்டர் அப்படியல்ல. அதில் சாயத்தைப் பிடிக்கும் குழுக்கள் இல்லை. இழையின் அமைப்பும் மிக நெருக்கமானது. அதற்கென்று உள்ள டிஸ்பெர்ஸ் சாயம் நீரில் கரையாத மிக நுண்ணிய துகளாக மிதந்து, வெப்பத்தால் இழையின் உட்புறம் சற்றுத் தளரும்போது உள்ளே நுழைந்து தங்குகிறது. அந்தத் தளர்ச்சி ஏறக்குறைய 80 டிகிரியில் தொடங்கினாலும், நல்ல அழுத்தமான நிறம் வேண்டுமானால் 130 டிகிரி வேண்டும். தொழிற்சாலையில் மூடிய கலன்களில் அழுத்தத்தோடு இதைச் செய்கிறார்கள். சாதாரணக் கொதிநிலையில் நெடுநேரம் வைத்தால் வெளிறிய நிறம் வரும். அந்த நேரமெல்லாம் கயிறு சுருங்கிக்கொண்டும் இருக்கும்.

ஆக, உங்கள் படகில் எளிதாகச் சாயம் ஏறக்கூடியது நங்கூரக் கயிறு; அதற்கு நிறம் இல்லாவிட்டாலும் யாரும் அதை வேறு கயிறு என்று எண்ணப் போவதில்லை. நிறம் தேவைப்படும் பாய்க் கயிறுகளோ பாலியெஸ்டர்.

திருவொற்றியூர்வாசி எழுதியது:

ஒரு சந்தேகம். அழுத்தத்தோடு 130 டிகிரி என்றால், வீட்டிலுள்ள பிரஷர் குக்கரில் ஏறக்குறைய அந்த வெப்பம் வந்துவிடாதா? பழைய குக்கர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட்டால் என்ன?

சாயக்கூடம் எழுதியது:

தயவுசெய்து செய்யாதீர்கள். குக்கரில் முழு அழுத்தத்தில் 121 டிகிரி அளவுதான் வரும். அதைவிட முக்கியம், சாயக் குழம்பும் கயிற்றின் தும்பும் நீராவித் துளையை அடைத்துக்கொண்டால் குக்கர் வெடிக்கும். டிஸ்பெர்ஸ் சாயத்தை நூறு டிகிரியிலேயே ஏற்ற உதவும் கேரியர் என்ற இரசாயனங்களும் இருக்கின்றன. அவற்றின் ஆவி மூச்சுக்குக் கேடு, வீட்டுச் சமையலறையில் அவற்றுக்கு இடமில்லை. சாயத்துக்குப் பயன்படுத்திய எந்தப் பாத்திரத்தையும் பிறகு சமையலுக்கு எடுக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காசிமேட்டுக் கடலோடி எழுதியது:

ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்துக்குக் காசிமேட்டில் ஃபைபர் படகு இருக்கிறது. எங்களிடம் பாய் இல்லை, இயந்திரம்தான். ஆனால் அடையாளத்துக்கு நிறம் என்பது எங்களுக்கு நாள்தோறும் உள்ள வேலை.

கடலில் வலையை விட்டால் அதன் இரு முனையிலும் மிதவையில் கொடி கட்டுகிறோம். பக்கத்துப் படகின் வலையும் அங்கேயே கிடக்கும். ஆகவே யாருடைய கொடி எந்த நிறம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கயிற்றுக்கு மட்டும் நாங்கள் சாயம் ஏற்றுவதில்லை. கயிற்றின் நுனியில் வலை பின்னும் நிற நைலான் நூலால் இறுகச் சுற்றிக் கட்டுகிறோம். பச்சை, நீலம், சிவப்பு என்று அந்த நூல் துறைமுகத்தைச் சுற்றியுள்ள வலைக்கடைகளில் கிடைக்கும். நுனி பிரியாமலும் இருக்கும், அடையாளமும் ஆகும். இரண்டு வேலையும் ஒரே கட்டில் முடிந்துவிடுகிறது.

முன்காலத்தில் பருத்தி வலைகளைப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்ததாக எங்கள் தாத்தா சொல்வார். அது அழகுக்காக அன்று, வலை மக்காமல் இருப்பதற்காக. அந்தச் சாற்றின் துவர்ப்பு நூலில் ஏறி அதைக் கெட்டிப்படுத்தி, கறுத்த நிறமும் தந்தது. நைலான் வலை வந்த பிறகு அந்த வேலையே இல்லாமல் போய்விட்டது.

கப்பியும்கயிறும் எழுதியது:

தம்பி சொல்வதை அப்படியே ஏற்கிறேன். எனக்கு இந்த உரையாடலில் மிகவும் பிடித்த பதிவு அது.

அதோடு ஒரு நுணுக்கத்தைச் சேர்க்கிறேன். பாயை ஏற்றி முடித்தபின் கயிற்றின் நுனி சுருட்டப்பட்டுக் கீழே எங்கோ கிடக்கும். ஏற்றிய கையும் கண்ணும் போவது, கயிற்றைப் பற்களால் கவ்விப் பிடிக்கும் கிளீட்டின் அருகே. ஆகவே நுனியில் மட்டும் அடையாளம் வைத்தால் தேவையான நேரத்தில் அது கண்ணில் படாது. பாய் முழுவதும் ஏறிய நிலையில் கிளீட்டுக்குக் கீழே வரும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நிற நூலால் தைத்துவிடுங்கள். சுற்றிக் கட்டினால் அந்த இடம் தடித்துக் கிளீட்டின் பற்களில் சிக்கும்; ஆதலால் சுற்றாமல், பாய் தைக்கும் ஊசியால் உறையின் பின்னலுக்குள் நூலை ஏற்றி இறக்கித் தட்டையாகத் தைக்க வேண்டும். உள்ளீட்டு இழைகளைக் குத்திக் கிழிக்காமல் இழைகளுக்கு இடையே ஊசியைச் செலுத்துங்கள். கப்பியின் மேல் ஓடும் பகுதியில் தையல் வரக் கூடாது. அங்கே அது தேய்ந்து அறுந்துவிடும்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. தையல் கிளீட்டைத் தொடும்போது பாய் உச்சிக்குப் போய்விட்டது என்று, அண்ணாந்து பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம்.

நுனிக் கட்டைப் பொறுத்தவரை, பிரியாமல் இருப்பதற்குக் கயிற்றின் பருமனைப்போல் ஒன்றரை மடங்கு நீளச் சுற்றே போதும். அடையாளத்துக்காக அதை இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு நீட்டிக்கொள்ளலாம்.

குட்டிப்பாய் எழுதியது:

நான் குழந்தைகளுக்குப் பாய்ப்படகு சொல்லித்தருபவள். சென்னைத் துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இயங்கி வருகிறது என்பதை வடசென்னையில் உள்ளவர்களே பலர் அறியார்கள். நம் வீட்டு வாசலில் இவ்வளவு பழைய பாய்மர மரபு இருக்கிறது என்று எல்லாரும் அறிய வேண்டும் என்பது என் ஆசை.

நிறத்தின் தேவையை நான் அன்றாடம் பார்க்கிறேன். சிறுவர்கள் பழகும் ஆப்டிமிஸ்ட் என்ற சிறு படகில் கயிறுகள் குறைவு. சிறு குழந்தைகூடக் குழம்புவதில்லை. அதிலிருந்து வளர்ந்து, முன்பு லேசர் என்றிருந்து இப்போது இல்கா எனப்படும் படகுக்கு மாறும்போதுதான் வாங், பாயின் முன்விளிம்பைக் கீழ்நோக்கி இழுக்கும் கன்னிங்ஹாம், அவுட்ஹால் என மூன்று மெல்லிய கயிறுகள் கைக்கருகே வந்து நிற்கின்றன. மூன்றும் பாயின் வடிவத்தை மாற்றுபவை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தளர்த்தினால் பாய் எதிர்பாராத விதமாக வீங்கிப் படகு சாயும். நிறம் வேறாக இருந்தால் பிள்ளை பயப்படாமல் கற்றுக்கொள்கிறது.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் கட்டாயமான உலக விதி எதுவும் இல்லை. ஆனாலும் அமெரிக்கப் படகுக் கடைகளின் கையேடுகளில் ஒரு வழக்கம் காணப்படுகிறது: பெரிய பாயின் கயிறுகள் வெள்ளை, முன்பாயின் கயிறுகள் நீலம், பின்காற்றில் விரிக்கும் ஸ்பின்னக்கர் பாயின் கயிறுகள் சிவப்பு, பூமைத் தூக்கிப் பிடிக்கும் கயிறு பச்சை, வாங் ஆரஞ்சு. இதைப் பின்பற்றுவதில் ஒரு நன்மை, வேறொரு படகில் பழகியவர் வந்தாலும் ஓரளவு ஊகித்துக்கொள்வார். எந்த நிறம் என்பதைவிட, ஒரே இடத்தில் உள்ள படகுகள் அனைத்தும் ஒரே முறையைப் பின்பற்றுவது முக்கியம் என்பேன். உங்கள் படகில் நீலம் முன்பாய், பக்கத்துப் படகில் நீலம் பெரிய பாய் என்றிருந்தால், நிறமே தவறான கயிற்றை அவிழ்க்கச் செய்துவிடும்.

கப்பியும்கயிறும் எழுதியது:

அதனால்தான் அம்மா, நிறத்தை மட்டும் நம்பிப் பிள்ளைகளைப் பழக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கயிறு எங்கே தொடங்கி எந்தக் கப்பி வழியாக எங்கே முடிகிறது என்று கண்ணால் தொடர்ந்து பார்க்கும் பழக்கம் முதலில் வர வேண்டும். கயிறு அறுந்து அவசரத்தில் வேறொன்றைப் போட்டால் நிறம் மாறிவிடும். இருட்டினால் நிறமே தெரியாது.

குட்டிப்பாய் எழுதியது:

ஐயா, வழியைக் கற்பிப்பதில் எனக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால் அந்தப் பழக்கம் வரும்வரை பிள்ளை கரையிலேயே நிற்க முடியாது. நிறம் அதுவரை துணைநிற்கும். வழி பழகியபின் நிறம் அதற்குத் தடையாவதில்லை. பெரியவர்களுக்கும் இது பொருந்தும். களைத்துப்போன நேரத்தில், மழைத்தூறலில், நினைவைவிடக் கண் விரைவாக வேலை செய்கிறது.

இருட்டைப் பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி. ஒளி மங்கும்போது நம் கண் சிவப்பை முதலில் இழக்கிறது. நீலமும் பச்சையும் அதற்குப் பின்னும் சற்று நேரம் வெளிறித் தெரியும். செக் நாட்டு அறிஞர் புர்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்த இந்த இயல்பை மாலையில் கரை திரும்பும் எவரும் பார்க்கலாம்: சிவப்புக் கயிறு கறுப்பாகிவிடும். மேலும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் ஆண்களில் கணிசமாக உள்ளனர்; மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களில் அது மிக அரிது. ஆகவே பக்கத்துப் பக்கத்துக் கயிறுகளுக்குச் சிவப்பும் பச்சையும் தராதீர்கள். நீலமும் மஞ்சளும் அருகருகே இருந்தால் ஏறக்குறைய எல்லாருக்கும் வேறுபாடு தெரியும். படகின் இடப்பக்கத்துக்குச் சிவப்பு விளக்கு, வலப்பக்கத்துக்குப் பச்சை விளக்கு என்பது 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் விதிகளில் உள்ளது. அதையொட்டி முன்பாயின் இடக் கயிற்றுக்குச் சிவப்பும் வலக் கயிற்றுக்குப் பச்சையும் போடுவோர் உண்டு. அவை படகின் இரு பக்கங்களில் பிரிந்திருப்பதால் அங்கே குழப்பம் நேராது.

காசிமேட்டுக் கடலோடி எழுதியது:

இரவுக்கு ஒரு வழி உண்டு. நாங்கள் விடியலுக்கு முன்பே கிளம்புகிறவர்கள். கைதான் எங்களுக்குக் கண். நுனிக்குச் சற்று மேலே ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று இடைவெளி விட்டு நூலைக் கட்டினால் விரலால் தடவியே கண்டுகொள்ளலாம். நிறமும் இருக்கட்டும், சுற்று எண்ணிக்கையும் இருக்கட்டும்.

வாடைக்காற்று எழுதியது:

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பாய்க் கயிறுகளை வேகவைக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டோம். நுனியில் நிற நூல் சுற்று, கிளீட்டருகே தட்டைத் தையல் என்று செய்யப்போகிறோம். முன்பாய்க்கு நீலம், வாங்குக்கு ஆரஞ்சு, அவுட்ஹாலுக்கு மஞ்சள். பெரிய பாய்க் கயிறு வெள்ளையாகவே இருக்கும். கிளீட்டுகளின் அருகே தளத்திலும் அதே நிறப் புள்ளி வைக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது கயிற்றைத் தொடாத வேலை என்பதால் உடனே ஒப்புக்கொண்டோம்.

நங்கூரக் கயிறு நைலான் என்பதால் அதற்கு மட்டும் சாயம் ஏற்றிப் பார்க்க விரும்புகிறேன். முழுவதும் தேவையில்லை. எத்தனை நீளம் கடலில் விட்டிருக்கிறோம் என்று தெரியும்படி இடையிடையே பட்டையாக நிறம் வேண்டும். செய்முறை சொல்ல முடியுமா அம்மா?

காசிமேட்டுக் கடலோடி எழுதியது:

அண்ணா, அப்படியானால் பாகக் கணக்கில் போடுங்கள். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. ஆழத்தை எங்கள் ஆட்கள் அந்தக் கணக்கில்தான் சொல்வார்கள். கரையில் கேட்டு வந்து அப்படியே கயிற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

சாயக்கூடம் எழுதியது:

பட்டையாக ஏற்றுவது நல்ல யோசனை. முழுக் கயிற்றையும் சாயமிட வேண்டுமானால் எடையைப்போல் இருபது மடங்கு நீர் வேண்டும், 10 மி.மீ. நைலான் கயிறு முப்பது மீட்டரே ஏறக்குறைய இரண்டு கிலோ வரும், அதற்கு நாற்பது லிட்டர் பாத்திரம் தேவைப்படும். பட்டைக்கு ஒரு சிறிய எவர்சில்வர் பாத்திரமே போதும். அலுமினியம் வேண்டாம்.

முதலில் கயிற்றைச் சோப்பு நீரில் அலசி, தொழிற்சாலையில் தடவிய எண்ணெயையும் கடலுப்பையும் போக்குங்கள். நிறம் ஏற வேண்டிய பகுதிகளை மட்டும் வளையமாக மடித்து, தளர்வாகக் கட்டி, மற்ற பகுதி பாத்திரத்துக்கு வெளியே இருக்கும்படி தொங்கவிடுங்கள். நூல் இறுகினால் அந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். கயிறு நனைந்திருக்க வேண்டும். சாயம், நனையும் பகுதியின் எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு போதும். வெதுவெதுப்பான நீரில் தொடங்கி, அரைமணி நேரத்துக்கும் குறையாமல் மெதுவாக 85 டிகிரி வரை ஏற்றுங்கள். விரைந்து சூடாக்கினால் நைலான் திட்டுத் திட்டாகச் சாயத்தைக் குடித்துவிடும். பாதி வழியில் சமையல் வினிகரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அதே வெப்பத்தில் முக்கால் மணி நேரம் வைத்திருந்து, பாத்திரத்திலேயே ஆறவிடுங்கள். நிறம் முழுவதும் ஏறியிருந்தால் நீர் ஏறக்குறையத் தெளிந்திருக்கும். உள்ளீடு வெள்ளையாகவே இருக்கும், அதனால் குறையில்லை.

குளியலறை ஆசிட்டையோ பேட்டரி ஆசிட்டையோ வினிகருக்குப் பதிலாக ஒருபோதும் ஊற்றாதீர்கள். வலுவான அமிலம் நைலானை அறுத்துவிடும். கறை போக்க பிளீச்சிங் பவுடரும் கூடாது. மேலே சொன்ன மெல்லிய புளிப்பும் அளவான சூடும் இழைக்குப் பெரிய கேடு செய்யாது. ஆனால் கயிறு சற்றுச் சுருங்கி விறைக்கும் என்பதால், பட்டைகளின் இடைவெளியைச் சாயமிட்ட பிறகு மீண்டும் அளந்து பாருங்கள்.

சாயம் வாங்கும்போது வெயிலில் நிலைக்கும் மெட்டல் காம்ப்ளெக்ஸ் வகை இருக்கிறதா என்று கேளுங்கள். பளபளவென்று ஒளிரும் நிறங்கள் கண்ணுக்கு எடுப்பாக இருந்தாலும் சென்னை வெயிலில் அவைதான் முதலில் வெளுக்கும்.

எண்ணூர்க்கரை எழுதியது:

ஒரே ஒரு வேண்டுகோள். சாய நீரை மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். அது நேராகப் பக்கிங்காம் கால்வாய்க்கோ கடலுக்கோதான் போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, படகும் வலையும் பாழாகிப் பிழைப்பை இழந்து நின்ற ஊர்கள் எங்களுடையவை. உங்கள் ஒரு பாத்திர நீர் சிறிது என்பது தெரியும்; ஆனாலும் கடலுக்காகப் படகு வாங்கியவர்கள் கடலுக்குள் சாயத்தை விடக் கூடாது என்று மனமார நினைக்கிறேன்.

சாயக்கூடம் எழுதியது:

முழுமனத்தோடு வழிமொழிகிறேன். சாயம் முழுவதும் கயிற்றுக்குள் போகும்வரை காத்திருப்பதே முதல் வழி. மீந்த நீரில் சமையல் சோடாவைச் சிறிது போட்டுப் புளிப்பை நீக்கி, கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள். தெளியவே இல்லை என்றால் அதே நீரில் இன்னொரு நைலான் துண்டைப் போட்டு மீதியையும் ஏற்றிவிடலாம்.

வாடைக்காற்று எழுதியது:

அப்படியே செய்கிறோம். நிற நூலுக்காக நாளை காசிமேட்டு வலைக்கடைக்குப் போகிறேன். நைலான் நூலா பாலியெஸ்டர் நூலா, எதை வாங்குவது?

கப்பியும்கயிறும் எழுதியது:

நுனிச் சுற்றுக்கு நைலான் நூல் போதும். நனைந்தால் நைலான் சற்று நெகிழும் என்பதால் இழுத்து இறுக்கி, கடைசியில் ஊசியால் கயிற்றுக்குள் குத்தி எடுத்து முடிச்சிடுங்கள். கிளீட்டருகே தைப்பதற்கு மட்டும் தடித்த பாலியெஸ்டர்த் தையல் நூல் வாங்குங்கள். பை தைப்பவர்களுக்கு விற்கும் கடைகளில் எல்லா நிறத்திலும் கிடைக்கும். வெயிலை அது நன்றாகத் தாங்கும். சாயமிட்ட நங்கூரக் கயிற்றை, வெள்ளைத் துணியால் ஈரத்தோடு தேய்த்துப் பார்த்து நிறம் ஒட்டவில்லை என்று உறுதியாகும்வரை பாய் இருக்கும் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.